வென்றும் நிலைகொள்ளாத அணி: நெதர்லாந்து கிரிக்கெட் எங்கே முட்டி நிற்கிறது?

2023 அக்டோபர் 17, தர்மசாலா. மழையால் ஆட்டம் 43 ஓவராகக் குறைந்திருந்தது. முதலில் ஆடிய நெதர்லாந்து 82 ரன்னுக்கு 5 விக்கெட்டை இழந்துவிட்டது. அதற்குமேல் அந்த அணி தேறும் என்று யாரும் நினைக்கவில்லை. கேப்டன் ஸ்காட் எட்வர்ட்ஸ் ஒரு முனையில் நின்று 78 ரன் சேர்த்தார், கடைசி வரிசைக்காரர்கள் அடித்து ஆடினார்கள், கணக்கு 245-இல் முடிந்தது. தென்னாப்பிரிக்கா 207-இல் சுருண்டது. ஒருநாள் உலகக் கோப்பையில் ஒரு டெஸ்ட் நாட்டை நெதர்லாந்து வென்றது அதுதான் முதல் முறை.

அதே உலகக் கோப்பையில் வங்கதேசத்தையும் வென்ற நெதர்லாந்து, 10 அணிகளில் கடைசி இடத்தோடு ஊர் திரும்பியது. 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் அதற்கு இடமில்லை. தென்னாப்பிரிக்காவைத் தோற்கடிக்கிற அளவுக்கு ஆடத் தெரிந்த அணி, உலகக் கோப்பை முடிந்ததும் நம் கண்ணிலிருந்து ஏன் மறைந்துவிடுகிறது? கால்பந்தும் ஹாக்கியும் ஆளும் நாட்டில் கிரிக்கெட் எப்படி வந்தது என்பதில் தொடங்கினால் இதற்குப் பதில் கிடைக்கும். திறமைக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. என் கணிப்பில் அந்த அணிக்குக் குறைவது ஆட்ட அட்டவணை.

முதலில் நான்கு சொற்கள்

1. முழு உறுப்பினர்: சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலில் 12 நாடுகளுக்கு மட்டும் உள்ள தகுதி. டெஸ்ட் ஆடலாம். இருநாட்டுத் தொடர்களும் பெரும் பங்குப் பணமும் இவர்களுக்குத்தான். கடைசியாக 2017-இல் அயர்லாந்தும் ஆப்கானிஸ்தானும் சேர்ந்தன.

2. அசோசியேட் உறுப்பினர்: மற்ற எல்லோரும். 90-க்கும் மேற்பட்ட நாடுகள். நெதர்லாந்து இந்த வரிசையில் இருக்கிறது.

3. ஒருநாள் தகுதி: எந்த இரு நாடும் 50 ஓவர் ஆடிக்கொள்ளலாம். ஆனால் அது சர்வதேச ஒருநாள் போட்டியாகப் பதிவாக வேண்டுமென்றால் இந்தத் தகுதி வேண்டும். முழு உறுப்பினருக்கு இது நிரந்தரம். அசோசியேட் நாடுகளில் சிலவற்றுக்கு மட்டும், சில ஆண்டுகளுக்கு மட்டும் கிடைக்கும். தோற்றால் போய்விடும்.

4. தகுதிச் சுற்று: உலகக் கோப்பைக்கு நேரடியாக நுழைய முடியாதவர்கள், மிஞ்சியிருக்கும் இடங்களுக்காக மோதும் போட்டி. சில வாரங்களில் முடிந்துவிடும்.

மூன்றாவதையும் நான்காவதையும் நினைவில் வையுங்கள். நெதர்லாந்து மாட்டிக்கொள்வதெல்லாம் அங்கேதான்.

கால்பந்துச் சங்கத்துக்கும் மூத்தது

நெதர்லாந்தின் கிரிக்கெட் சங்கம் 1883-இல் தொடங்கியது. அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் அதற்கு ஆறு ஆண்டு இளையது, 1889-இல்தான் பிறந்தது. இன்று கால்பந்துக் கழகமாகப் பேர்பெற்ற ஸ்பார்ட்டா ராட்டர்டாம், 1888-இல் கிரிக்கெட் கழகமாகத்தான் ஆரம்பிக்கப்பட்டது. இங்கிலாந்து கடலுக்கு அந்தப்பக்கம் கூப்பிடு தூரத்தில் இருந்ததால், வசதியான டச்சுக் குடும்பங்களின் பிள்ளைகள் அந்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். கார்ஸ்ட் போஸ்துமா என்ற டச்சு வீரர் 1903-இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸின் லண்டன் கவுண்டி அணிக்கே ஆடியிருக்கிறார்.

பல காலம் இரண்டு ஆட்டங்களும் ஒரே கழகத்தில் சேர்ந்தே வாழ்ந்தன. குளிர்காலத்தில் கால்பந்து, கோடையில் கிரிக்கெட். அதே ஆட்கள், அதே புல்வெளி. பிறகு கால்பந்தின் பருவம் இரு பக்கமும் நீண்டது, ஹாக்கி வளர்ந்தது, கிரிக்கெட்டுக்கு மே முதல் செப்டம்பர் வரை ஒரு சிறு இடைவெளிதான் மிஞ்சியது. இன்று கால்பந்துச் சங்கத்தில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஹாக்கியில் சுமார் இரண்டரை லட்சம். கிரிக்கெட்டில் சில ஆயிரம் பேர். தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கே உள்ள நாட்டில், அந்தச் சில ஆயிரம் பேரிலிருந்துதான் ஒரு தேசிய அணி வர வேண்டும்.

மேட் விரிப்பில் வளர்ந்த ஆட்டம்

டச்சுக் கிரிக்கெட்டைப் புரிந்துகொள்ள அதன் ஆடுகளத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊர்களில் மேட்டிங் பிட்ச்சில் ஆடியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நெதர்லாந்தில் கழக ஆட்டங்களில் பெரும்பாலானவை புல் தரையில் நடப்பதில்லை. கெட்டித்த தளத்தின் மேல் விரித்த மேட்டில்தான் நடக்கும். முன்பு அது தென்னை நார் விரிப்பு, இப்போது பெரும்பாலும் செயற்கை விரிப்பு. 1964-இல் ஹேக் நகரில் ஆஸ்திரேலியாவை நெதர்லாந்து வென்றதே, அந்நாட்டுக் கிரிக்கெட்டின் பழம்பெருமை, அதுவும் மேட்டில் ஆடிய ஆட்டம்தான்.

ஏன் மேட்? புல் ஆடுகளம் ஒன்றைப் பராமரிக்க ஆண்டு முழுக்க ஆள் வேண்டும். உருட்ட வேண்டும், நீர் விட வேண்டும், மூட வேண்டும். குளிர்காலத்தில் அதே வெளியில் கால்பந்துக்காரர்கள் ஓடினால் அதெல்லாம் வீண். மேட்டை விரிக்கலாம், சுருட்டலாம், மழை விட்ட அரை மணியில் ஆடலாம். சிறு கழகத்துக்கு வேறு வழியில்லை.

ஆனால் மேட்டில் பந்து எழும்பும் விதம் வேறு. பவுன்ஸ் ஏறக்குறைய ஒரே சீராக, சற்று உயரமாக வரும், மட்டையாளர் நம்பி அடிக்கலாம். புல் தரையில் பந்து தையலில் பட்டு நகர்வது, நான்காம் மணி நேரத்தில் ஆடுகளம் உலர்ந்து சுழல்வது, ஒரு பந்து தாழ்ந்து சறுக்குவது, இவையெல்லாம் மேட்டில் பழக வராது. 19 வயதுப் பையன் கழக ஆட்டத்தில் சதம் மேல் சதமாக அடித்திருக்கலாம். தேசிய அணிக்கு வந்த பிறகுதான் அவன் ஆட்டத்தின் பாதியைக் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறான்.

ஆம்ஸ்டெல்வீன், ராட்டர்டாம், ஃபோர்பர்க், உட்ரெக்ட் போன்ற சில இடங்களில் நல்ல புல் ஆடுகளம் உண்டு. ஆம்ஸ்டெல்வீன் மைதானம் மரங்கள் சூழ்ந்த ஒரு பெரிய பூங்காவுக்குள் இருக்கிறது. 2022 ஜூன் 17 அன்று அங்கே இங்கிலாந்து 498 ரன் குவித்தது, ஒருநாள் ஆட்டத்தில் உலகச் சாதனை. அன்று சிக்ஸர்கள் மரங்களுக்கு நடுவே போய் விழ, டச்சு வீரர்களே புதருக்குள் புகுந்து பந்தைத் தேடினார்கள். அந்தக் காட்சியைப் பலர் சிரிப்பாகப் பகிர்ந்தார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. உலகின் மிகச் சிறந்த அணியோடு ஆடக் கிடைத்த அரிய நாளில், ஒரு நாட்டின் ஒட்டுமொத்தக் கிரிக்கெட் வசதியும் எவ்வளவு என்று அது காட்டியது.

வீரர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

மூன்று ஓடைகள் சேர்ந்த அணி இது.

1. உள்ளூர்க் கிரிக்கெட் குடும்பங்கள். டிம் டி லீட் 2003 உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு எதிராக 4 விக்கெட் எடுத்தவர், அதில் ஒன்று சச்சினுடையது. அவர் மகன் பாஸ் டி லீட் இன்றைய அணியின் முதுகெலும்பு.

2. வெளிநாட்டில் ஆடி வளர்ந்து, குடும்ப வேரால் டச்சுக் கடவுச்சீட்டு பெற்றவர்கள். கேப்டன் எட்வர்ட்ஸ் டோங்காவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர், பாட்டி டச்சுக்காரர். ருலோஃப் வான் டெர் மெர்வ முன்பு தென்னாப்பிரிக்காவுக்கே ஆடியவர். தர்மசாலாவில் 19 பந்தில் 29 ரன் அடித்து, அந்நாட்டுக் கேப்டன் பவுமாவின் விக்கெட்டையும் எடுத்தவர் அவர்தான்.

3. தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகள். விக்ரம்ஜித் சிங் பஞ்சாபில் பிறந்து சிறு வயதில் நெதர்லாந்துக்குப் போனவர். ஆர்யன் தத் இன்னொருவர். விஜயவாடாவில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்து, வேலைக்காக நெதர்லாந்து வந்த தேஜா நிடமனுருவை இரண்டாவதிலும் மூன்றாவதிலும் சேர்க்கலாம்.

இரண்டாவது ஓடையைப் பார்த்துவிட்டு, இது கூலிக்கு ஆள் பிடித்த அணி என்று சொல்வோர் உண்டு. அது நியாயமில்லை. மேட்டில் வளர்ந்த பையனுக்குப் புல் தரையில் எப்படி ஆடுவது என்று பக்கத்தில் நின்று காட்ட ஆள் வேண்டும். அந்த வேலையை இவர்கள்தான் செய்கிறார்கள். கவலைப்பட வேண்டியது முதல் ஓடையைப் பற்றி. அதில் நீர் குறைந்துகொண்டே வருகிறது. மூன்றாவது ஓடைதான் இப்போது கழகங்களை நிரப்புகிறது.

கவுண்டி முடிச்சு

டச்சு வீரன் முழுநேரமும் கிரிக்கெட் ஆடிச் சம்பாதிக்க வேண்டுமானால் இங்கிலாந்தின் உள்நாட்டுத் தொழில்முறை அணிகளான கவுண்டிகளுக்குப் போவதே நெடுநாள் வழி. நெதர்லாந்துச் சங்கத்தால் முழுநேர ஒப்பந்தம் தர முடிந்தவர்கள் சிலரே. கவுண்டிப் பருவமும் கோடையில்தான், நெதர்லாந்தின் பருவமும் கோடையில்தான். ஆக, நாட்டுக்கு ஆளை மிகவும் வேண்டிய மாதங்களில் அவன் இன்னொரு ஊரில் இருப்பான்.

2023 ஜூனில் ஜிம்பாப்வேயில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று நடந்தபோது வான் டெர் மெர்வ, காலின் ஆக்கர்மன், பால் வான் மீக்கெரென் உட்படப் பலர் கவுண்டிப் பணியால் வரவில்லை. நான்கு மாதம் கழித்து தர்மசாலாவில் இவர்கள் மூவரும் இருந்தார்கள். தென்னாப்பிரிக்க மட்டையாளர்களில் டி காக்கை ஆக்கர்மன் வெளியேற்றினார், மார்க்ரமை வான் மீக்கெரென் போல்டாக்கினார், பவுமாவை வான் டெர் மெர்வ. முன்வரிசை முழுக்க இவர்கள் மூவர் கையில் சரிந்தது.

2014: இரண்டு மாதத்தில் இரண்டு செய்தி

அசோசியேட் அமைப்பு எவ்வளவு ஈரமற்றது என்பதற்கு 2014-ஐவிடத் தெளிவான ஆண்டு இல்லை.

ஜனவரியில் நியூசிலாந்தில் நடந்த தகுதிச் சுற்றில் நெதர்லாந்து சறுக்கியது. 2015 உலகக் கோப்பை வாய்ப்பு போனது. அதோடு ஒருநாள் தகுதியும் போனது. மார்ச்சில் டி20 உலகக் கோப்பைக்காக வங்கதேசம் சென்ற அதே அணி, சில்ஹெட்டில் அயர்லாந்துக்கு எதிராக 190 ரன் இலக்கை 13.5 ஓவரில் அடித்து முடித்தது. மாதக் கடைசியில் இங்கிலாந்தை 88 ரன்னுக்கு ஆட்டமிழக்கச் செய்து வென்றது.

உலகமே வியந்தது. தகுதி திரும்பி வரவில்லை. அடுத்த நான்கு ஆண்டு அந்த அணியால் ஒரு சர்வதேச ஒருநாள் போட்டிகூட ஆட முடியவில்லை. 24 வயதில் உச்சத்துக்கு வந்திருந்த வீரனுக்கு 28 ஆகிவிட்டது. 2015–17 உலக கிரிக்கெட் லீக் சாம்பியன்ஷிப்பை வென்ற பிறகுதான் கதவு திறந்தது. 2018 ஆகஸ்டில் ஆம்ஸ்டெல்வீனில் நேபாளத்தோடு மறுபடி ஒருநாள் ஆட்டம் தொடங்கியது.

3 வெற்றி, 24 ஆட்டம்

அந்தச் சாம்பியன்ஷிப் வெற்றிக்கு இன்னொரு பரிசும் இருந்தது. என் பார்வையில் டச்சுக் கிரிக்கெட்டின் மிகப் பெரிய பரிசு அதுதான். 2020–23 காலத்துக்காக சர்வதேச கவுன்சில் சூப்பர் லீக் என்ற ஒன்றை அமைத்தது. 12 முழு உறுப்பினர்களோடு 13-ஆவதாக நெதர்லாந்து. ஒவ்வோர் அணிக்கும் எட்டுத் தொடர், மொத்தம் 24 ஆட்டம். பெரிய அணிகள் ஆம்ஸ்டெல்வீனுக்கும் ராட்டர்டாமுக்கும் வந்தே ஆக வேண்டும். நெதர்லாந்து யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தால் அது தோல்விக் கதை. 24-இல் வென்றது 3, கடைசி இடம். ஆனால் அந்த லீக்கின் ஆட்டங்களையும் அதற்குப் பிறகு வந்தவற்றையும் தேதி வரிசையில் படித்தால் வேறு கதை தெரியும்:

1. 2022 ஜூன், ஆம்ஸ்டெல்வீன்: இங்கிலாந்து 498. நெதர்லாந்துக்கு 232 ரன் வித்தியாசத்தில் தோல்வி.

2. 2022 ஆகஸ்ட், ராட்டர்டாம்: பாகிஸ்தானுடன் முதல் ஆட்டத்தில் 16 ரன்னில் தோல்வி, மூன்றாவதில் 9 ரன்னில் தோல்வி.

3. 2023 ஜூன், ஹராரே, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று: வெஸ்ட் இண்டீஸ் 374. தேஜா 111 அடிக்க, நெதர்லாந்தும் 374. சூப்பர் ஓவரில் லோகன் வான் பீக் ஜேசன் ஹோல்டரை 30 ரன் அடித்தார். பிறகு பந்தையும் அவரே வாங்கி, 8 ரன்னில் முடித்துவைத்தார்.

4. 2023 ஜூலை 6, புலவாயோ: உலகக் கோப்பைக்குப் போக ஸ்காட்லாந்தின் 277-ஐ 44 ஓவருக்குள் தாண்ட வேண்டும். பாஸ் டி லீட் பந்தில் 5 விக்கெட், மட்டையில் 123. 42.5 ஓவரில் வேலை முடிந்தது.

5. 2023 அக்டோபர் 17, தர்மசாலா.

232 ரன் தோல்விக்கும் தர்மசாலா வெற்றிக்கும் நடுவே 16 மாதம். இடைவெளியில் அந்நாட்டில் புதிய மைதானங்கள் முளைத்துவிடவில்லை, கழகங்களில் கூட்டம் பெருகிவிடவில்லை. 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தையும் தரமான சுழலையும் தொடர்ந்து சந்திக்கும் வாய்ப்பு இருந்தது. தோற்றுத் தோற்றுக் கற்றார்கள். தோற்றாலும் அடுத்த தொடர் உறுதியாக இருந்தது, அந்த உறுதிதான் பலன் தந்தது.

அந்த சூப்பர் லீக்கைக் கவுன்சில் ஒரே சுற்றோடு நிறுத்திவிட்டது. முழு உறுப்பினர்களின் நாட்காட்டியில் டி20 லீக்குகளுக்கும் தங்களுக்குள் ஆடும் தொடர்களுக்கும் இடம் வேண்டியிருந்தது. இதைத் தவறான முடிவு என்றே சொல்வேன்.

பணக் கணக்கு

2024–27 காலத்துக்கான கவுன்சில் வருவாய்ப் பங்கீட்டில் இந்தியாவுக்கு 38.5 சதவீதம். 90-க்கும் மேற்பட்ட அசோசியேட் நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து சுமார் 11 சதவீதம். இந்தியச் சந்தைதான் பெரும்பகுதியை ஈட்டித் தருகிறது என்ற வாதத்தை ஒதுக்க முடியாது. ஆனால் அந்த 11 சதவீதம்தான் ஆடுகளம், பயிற்சியாளர், பயணம், சம்பளம், பெண்கள் அணி, சிறுவர் பயிற்சி எல்லாவற்றுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தொலைக்காட்சி உரிமையில் சம்பாதிக்க, பெரிய அணி ஒன்று வீட்டுக்கு வந்தால்தான் உண்டு. ஆட்டம் இல்லையென்றால் வருவாயும் இல்லை, வருவாய் இல்லையென்றால் ஆட்டத்தை நடத்தவும் வழியில்லை.

2020 நவம்பரில், கொரோனா வராமல் இருந்திருந்தால் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி நடந்திருக்க வேண்டிய நாளில், தான் ஊபர் ஈட்ஸில் உணவு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருப்பதாக வான் மீக்கெரென் வெளிப்படையாக எழுதினார். பின்னாளில் தர்மசாலாவில் மார்க்ரமின் ஸ்டம்பைச் சாய்த்த அதே ஆள்.

இந்தக் கதையில் நம் ஊருக்கும் ஓர் உண்மையான இடம் இருக்கிறது. 2023 உலகக் கோப்பைக்கு முன் பெங்களூரை ஒட்டிய ஆலூரில் முகாமிட்ட நெதர்லாந்து அணிக்கு, வலைப்பயிற்சியில் பந்து போட ஆள் தேவைப்பட்டது. சொந்த நாட்டில் அத்தனை வகைச் சுழலுக்கு எங்கே போவது? சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பந்துவீசும் காணொளி அனுப்பினார்கள். தேர்வான நால்வரில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர், ஸ்விக்கியில் உணவு டெலிவரி செய்தவர். உலகக் கோப்பைக்குப் போகும் ஒரு தேசிய அணி, தனக்கு வேண்டிய பயிற்சியை இப்படி விளம்பரம் கொடுத்துத் தேட வேண்டியிருந்தது.

இனி வழி எது?

2027 உலகக் கோப்பையில் 14 அணிகள். 2019-லும் 2023-லும் 10 தான் இருந்தன, அந்த வகையில் இது நல்ல மாற்றம். ஆனால் பாதை நீளமானது. நெதர்லாந்து இப்போது லீக் 2 என்ற எட்டு அசோசியேட் அணிகளின் போட்டியில் ஆடுகிறது. ஸ்காட்லாந்து, நேபாளம், ஓமன், நமீபியா, அமெரிக்கா, கனடா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை மற்றவை. ஓர் அணிக்கு 36 ஆட்டம். முதல் நான்கு இடம் பிடித்தால் 10 அணிகளின் தகுதிச் சுற்று. அங்கேயும் முதல் நான்குக்குள் வந்தால் உலகக் கோப்பை.

36 என்பது சூப்பர் லீக்கின் 24-ஐவிட அதிகம்தானே என்று கேட்கலாம். எண்ணிக்கையில் சரி. ஆனால் அந்த 36-இல் ஒன்றுகூட முழு உறுப்பினர் அணியோடு இல்லை. டி20-யில் நிலைமை கொஞ்சம் மேல். 2025 ஜூலையில் ஹேக் நகரில் நடந்த ஐரோப்பியத் தகுதிச் சுற்றிலிருந்து நெதர்லாந்தும், முதல் முறையாக இத்தாலியும், 2026 உலகக் கோப்பைக்குத் தேறின. அதில் 20 அணிகளுக்கு இடமிருந்தது. ஒருநாள் ஆட்டத்திலோ, பெரிய அணிகளோடு மோத உலகக் கோப்பை வாசல் வரை காத்திருக்க வேண்டும்.

விக்ரம்ஜித் சிங்கும் ஆர்யன் தத்தும் 2003-இல் பிறந்தவர்கள். தர்மசாலாவில் இருவருக்கும் 20 வயது. அடுத்த உலகக் கோப்பை வரும்போது 24. வான் டெர் மெர்வின் தலைமுறை அதற்குள் விடைபெற்றிருக்கும், அணியின் பாரம் இவர்கள் தோளில். இங்கிலாந்தோடும் பாகிஸ்தானோடும் சொந்த ஊரில் ஆடிக் கற்கும் வாய்ப்பு 19 வயதில் விக்ரம்ஜித்துக்குக் கிடைத்தது. அவருக்குப் பின்னால் மேட்டில் சதம் அடித்துக்கொண்டிருக்கும் இன்றைய 19 வயதுக்காரனுக்கு பெரிய அணிகளோடு அப்படி உறுதியாக அட்டவணையில் குறித்துவைத்த ஒருநாள் தொடர் இல்லை.